சாம்பல் மேடு சரிந்த ஊர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே நொக்ஸ்வில் நகரிலிருந்து மேற்கு நோக்கி மோட்டாரிற் சென்றோம். ஒரு மணி நேரம் ஆகுமுன்னரே ஆயிரம் அடி உயரமான புகைபோக்கிகள் கண்ணிற் பட்டன. ஆறும் குன்றுகளும் பின்னரே தோன்றின. 1955இல் கட்டி முடிந்தபோது, நிலக்கரியால் இயங்கும் மின்னிலையங்களுள் உலகிலேயே பெரியதென்று பெயர்பெற்ற கிங்ஸ்டன் நிலையம் இதுவே. ஆனால் நாம் காணச் சென்றது நிலையத்தையன்று. எமரி ஆற்றங்கரையில் அதன் சாம்பல் கிடந்த இடத்தை.

சாம்பலைக் காண இத்துணைத் தூரமா என்று வாசகர் நகைக்கக்கூடும். நம் வீடுகளில் அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் வாழையடியிற் போடவும் உதவுகிறது. நிலக்கரிச் சாம்பல் அத்தகையதன்று. கரியில் அற்பமாய்க் கலந்திருக்கும் ஆர்சனிக், ஈயம், செலீனியம் முதலியன, கரி எரிந்தபின் சாம்பலிலே செறிந்து நிற்கின்றன. கிங்ஸ்டனில் அச்சாம்பலை நீரிற் கரைத்துக் குளங்களிற் பாய்ச்சினர். குளம் நிறைய நிறைய, சாம்பலைக் கொண்டே கரையையும் உயர்த்தினர். அரை நூற்றாண்டில் அது 60 அடி மேடாயிற்று. அடியிலே வலுவற்ற சேற்றுப்படை ஒன்று கிடந்தது பின்னரே தெரிய வந்தது.

2008 டிசெம்பர் 22. நத்தாருக்கு மூன்று நாள் இருந்தது. நள்ளிரவு கடந்து ஒரு மணியளவிலே கரை உடைந்தது. 40 இலட்சம் கன மீற்றருக்கு மேற்பட்ட சாம்பற் சேறு ஆற்றிலும் 300 ஏக்கர் நிலத்திலும் பரந்தது. வீடொன்று அத்திவாரத்திலிருந்து பெயர்ந்தது. அன்றிரவு உயிர்ச்சேதமில்லை. 'அன்றிரவு' என்று நாம் சொல்வதற்குக் காரணமுண்டு. அச்சேற்றை ஆண்டுக்கணக்காக அள்ளிய தொழிலாளர் பலர் பின்னர் நோயுற்றனர், இறந்தோருமுளர். முகமூடி கேட்டும் தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர்கள் வழக்குத் தொடுத்தனர். அத்தகைய நோய்கள் சாம்பலால் வந்திருக்கலாம் என்று 2018இல் நொக்ஸ்வில் யூரிமார் தீர்ப்பளித்தனர். 2023இலேதான் இணக்கம் ஏற்பட்டது.

இவ்வளவு சாம்பலை வைத்திருக்க அந்நாட்டில் விதியே இல்லையா? வீட்டுக் குப்பையைப் புதைக்கும் இடத்துக்கு நாடு முழுவதற்குமான விதி இருந்தது. சாம்பற் குளத்துக்கு இல்லை. ஆராய்ந்து முடிவு செய்வோம் என்று 1980இல் ஒத்திவைத்த காரியம், கரை உடையும்வரை ஒத்திவைத்தபடியே கிடந்தது. பின்னர் எழுந்த விவாதமெல்லாம் ஒரு சொல்லைப் பற்றியது: சாம்பல் 'அபாயக் கழிவு' ஆகுமா, ஆகாதா? ஆகாது என்றே 2015ஆம் ஆண்டு விதி கூறிற்று. எனினும் புதிய குளங்களுக்கு அடித்தளக் காப்பு வேண்டும், நிலத்தடி நீரைச் சோதித்தல் வேண்டும், முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என்று அவ்விதியே கட்டளையிட்டது. மூடப்பட்ட நிலையங்களின் பழங்குளங்கள் 2024இலேதான் விதிக்குள் வந்தன.

நம் நாட்டில் நுரைச்சோலையிலும் 2011 முதல் நிலக்கரி எரிகிறது. அங்குள்ள சாம்பலில் ஒரு பகுதி சீமெந்துடன் கலக்கப்படுகிறது. அது நல்ல வழி. மிஞ்சுவது எங்கே கிடக்கிறது, அதன் அருகிலுள்ள கிணற்று நீரை எவர் சோதிக்கின்றார் என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை.

கிங்ஸ்டனில் இப்பொழுது சாம்பலைக் காணோம். சேறு பரந்த இடத்திலே பசும்புல், நடைபாதை, விளையாட்டு மைதானம். துப்புரவுக்கு நூறு கோடி டொலருக்கு மேற் செலவாயிற்றாம். அள்ளிய சாம்பல் எங்கே போயிற்று? 2009இலும் 2010இலும் பெரும்பகுதி புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, அலபாமா மாநிலத்துப் பெரி மாவட்டத்துக்குப் போயிற்று. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் வறிய மாவட்டம் அது. 'அபாயக் கழிவு' என்ற பெயர் இல்லாதபடியால், சாதாரணக் குப்பை கொட்டும் நிலத்திலேயே அதைக் கொட்ட முடிந்தது. எதிரே வீடுகள் இருந்தன.

கிங்ஸ்டன் பூங்காவிலே அரை மணி நேரம் உலாவினோம். பெரி மாவட்டம் எமது பயணத் திட்டத்தில் இருக்கவில்லை.