சனிக்கிழமை என்று நினைத்த பெட்டி

எங்கள் பாடசாலைக் கணினி அறையின் மூலையில் ஒரு பாண் அளவில் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. 'பயர்வோல்' என்பார்கள். வெளி இணையத்துக்கும் பிள்ளைகளின் கணினிகளுக்கும் நடுவில் நின்று, எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்ப்பது அதன் வேலை. அதைப் பராமரிப்பவன் என்னிடம் படித்தவன்; இப்போது கொழும்பில். ஊருக்கு வருவது பெருநாளைக்குத்தான். மற்ற நாட்களில் அங்கிருந்தபடியே பெட்டிக்குள் புகுந்து வேலை பார்ப்பான்.

அவன் வரும் வழிக்குச் சுரங்கம் என்று பெயர். உக்குவெலப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. பொல்கொல்லையில் மறிக்கும் மகாவலித் தண்ணீர், 1976 முதல், மலைக்கு அடியால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வந்து உக்குவெல மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுச் சுதுகங்கையில் சேர்கிறது. மேலே நடப்பவருக்குக் காலடியில் ஆறு ஓடுவது தெரியாது. வீபிஎன்னும் அப்படி மூடிய பாதைதான். (2018 மார்ச்சில், திகனைக் கலவரத்தின்போது பேஸ்புக்கும் வோட்ஸ்அப்பும் முடக்கப்பட, எங்களூர் உம்மும்மாமார்கூட அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள்.)

ஒரு திங்கட்கிழமை. முதல் நாள் இரவெல்லாம் கரன்ட் இல்லை. காலையில் கணினிகள் எழும்பின, இணையம் எழும்பவில்லை. மறுநாள் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நாள். எங்கள் பழைய மாணவி ஒருத்தி உம்மாவோடு விறாந்தையில் காத்திருந்தாள். வாப்பா இல்லாத பிள்ளை. வீட்டில் பட்டன் போன். என் போனிலும் பாடசாலைக்குள் கதைக்க மட்டும்தான் சிக்னல். டவுனுக்குப் போகலாம்தான். ஆனால் எந்தப் பாடநெறியை முதலில் போடுவதென்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் வேண்டும். அந்தத் தாயோ மிளகு பறிக்கும் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மகன், பெட்டியைக் கழற்றிப்போட்டு வயரை நேரே ரவுட்டரில் குத்தவா?"

"வேணாம் சேர். 2017 மே மாதம் வன்னாக்ரை வந்தது ஞாபகமா? ஆரும் ஒண்டையும் தொடாமலே கணினிக்குக் கணினி தாவினது. எங்கட எல்லாம் பழைய விண்டோஸ் 7."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கேட்பதற்கு முன்பே வயரைக் கழற்றியிருந்தேன். சத்தம் போடாமல் திரும்பக் குத்தினேன்.

அலுமாரியில் அவன் வைத்துவிட்டுப் போன தட்டையான நீல வயரை எடுக்கச் சொன்னான். ஒரு முனை பெட்டியின் 'கொன்சோல்' துளையில், மறுமுனை மடிக்கணினியில். வேகம் 9600 என்று கொடுத்ததும் திரையில் எழுத்துகள் வந்தன. பிறகு நடந்தது சொல்வதெழுதல். அவன் சொல்ல நான் எழுதினேன். "இடைவெளி விடுங்க சேர்" என்று இரண்டு தடவை திருத்தினான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கஷ்டம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பெட்டியிடம் திகதி கேட்டோம். 1-1-2000 என்றது.

"அது என்ன கிழமை சேர்?"

கணக்குப் பார்த்தேன். சனிக்கிழமை. பாடசாலை நாட்களில் காலை 7.30 முதல் 1.30 வரை மட்டும் இணையம் விடுவது எங்கள் விதி. பெட்டி லீவு என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது! சுரங்கம் மூடியதற்கும் அதுவே காரணம். கதவைத் திறக்கும் சான்றிதழ் அந்தத் திகதியில் இன்னும் பிறக்கவே இல்லை. கரன்ட் இல்லாதபோது மணிக்கூட்டை ஓட்டும் ரூபாய்க்குற்றி அளவு பற்றரி செத்திருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை இருட்டில் கிடந்தோமே, அப்போதே பாதி உயிர் போயிருக்கும்.

"சரியான நேரத்தை வெளியே கேட்டு எடுத்திருக்கலாமே மகன்?"

"அது சுரங்கத்தால கேட்கிற மாதிரித்தான் செஞ்சிருக்கு சேர்."

நேரம் இல்லாமல் சுரங்கம் திறக்காது, சுரங்கம் இல்லாமல் நேரம் வராது.

"இப்படி ஏற்பாடு செய்தது ஆர்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான்தான் சேர்."

திகதியைக் கையால் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு மின்னியது. அவன் உள்ளே வந்துவிட்டான். இனி நேரத்தைச் சுரங்கத்துக்கு வெளியே கேட்கும்படி முதல் வேலையாக மாற்றினான். பற்றரி மாற்றப் பெருநாளைக்கு வருவதாகச் சொன்னான்.

பிள்ளை கணினியின் முன் அமர்ந்தபோது மணி 1.20.

"மகன், இண்டைக்கு மட்டும் மூணு மணி வரைக்கும் திறந்து விடுங்க."

கொழும்பிலிருந்தே திறந்து விட்டான்.