குறையைக் கேட்டு வாங்குங்கள்

மனிதக் குரலைப் பொறுத்தவரை, 1957-இல் வெளிவந்த குவாட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரைத் தாண்டிய ஒன்றை என் காது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பீக்கர்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும்தான் என் தொழில். விலை உயர்ந்த பெட்டிகள் எத்தனையோ கைவழியே போயிருக்கின்றன. ஆனால் ஜீவா நூல் சரியாக நின்ற தம்புராவின் ரீங்காரம் அந்தக் குவாட்டில் கேட்பதுபோல் வேறெதிலும் கேட்டதில்லை. அதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் அதன் குறைகளைத்தான் சொல்வேன்.

அதை வடிவமைத்த இங்கிலாந்துக்காரர் பீட்டர் வாக்கர் அதில் கோனும் வைக்கவில்லை, மரப்பெட்டியும் வைக்கவில்லை. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம்; அதில் பல ஆயிரம் வோல்ட் மின்னேற்றம். பாட்டின் சிக்னல் தகடுகளுக்குப் போனதும் படலம் முழுவதும் ஒருசேர அசைகிறது. எடை மிகக் குறைவென்பதால் சட்டென்று அசைந்து சட்டென்று நிற்கிறது. பெட்டி இல்லாததால் பெட்டியின் முனகலும் இல்லை. குரல் அவ்வளவு தெளிவாக வருவதற்கு இதுதான் காரணம். குறைகள் பிறப்பதும் இதே இடத்தில்தான்.

தகடுகளுக்கு நடுவே படலம் அசைய இடம் கொஞ்சம்தான். அதனால் சத்தம் ஓரளவுக்கு மேல் எழாது. நாகஸ்வரத்தையும் தவிலையும் கல்யாண மண்டபத்தில் கேட்கிற அளவுக்கு வைத்தால் உள்ளே மின்பொறி பறந்து படலம் பொத்தலாகிவிடும். 15 வாட் குவாட் 2 ஆம்ப்ளிஃபயர் காலத்து ஸ்பீக்கர் அது. இன்றைய 200 வாட் ஆம்பை மாட்டுவது ஆபத்து. உச்ச அதிர்வெண்களில் அதன் இம்பீடன்ஸ் (மின்தடை) 2 ஓமுக்கும் கீழே இறங்கும், பல ஆம்ப்கள் அங்கே திணறும். முன்பக்கம் போலவே பின்பக்கமும் ஒலி கிளம்பும். கீழ் பேஸில் இரண்டும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அடிக் கனம் குறையும். பின்சுவரிலிருந்து மூன்று நான்கு அடியாவது முன்னே இழுத்து வைக்க வேண்டும். 10-க்கு 12 அறையில் அதன்பிறகு உட்கார இடம் மிஞ்சாது. நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே மேல் ஒலிகள் மங்கிவிடும்.

சென்னை போன்ற கடலோர ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. மின்னேற்றம் தூசியை இழுக்கும், ஈரக்காற்று மின்னேற்றத்தைக் கசியவிடும். மூடிய ஏசி அறை இல்லாதவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. 1981-இல் வந்த குவாட்டின் இஎஸ்எல்-63-இல் பாதுகாப்புச் சுற்று வைத்தார்கள், ஒலி பரவுவதும் சீரானது, இடப்பிரச்சினை தீரவில்லை.

பெட்டி ஸ்பீக்கர்களுக்கும் விலக்கில்லை. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்புக்காக 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ ஒரு அடி உயரம்தான். குரலுக்கு அருமை. ஆனால் மிருதங்கத் தொப்பியில் கும்கி விழும்போது அதன் கனம் பாதிதான் வரும். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எழும் சத்தம், 83 டெசிபெல்லை ஒட்டியது. 92 டெசிபெல் ஸ்பீக்கரின் சத்தத்தை எட்ட எட்டு மடங்கு வாட் வேண்டும். அத்தனையை அதன் சின்ன வூஃபர் தாங்காது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் அமையாது என்பது ஹாஃப்மன் விதி. எத்தனை லட்சம் கொட்டினாலும் அது வளையாது.

சரி, பெரிதாகவே வாங்கிவிடலாம் என்றால் அறை குறுக்கே நிற்கும். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி மட்டும் வீங்கிக் கேட்கும். கான்கிரீட் சுவரும் கிரானைட் தரையும் அதை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ராட்சத ஸ்பீக்கர் அங்கே அந்த வீக்கத்துக்குத்தான் தீனி போடும். பழைய ஜோடியாக வாங்குகிறவர்கள் வூஃபர் விளிம்பு ஃபோமா ரப்பரா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஃபோம் நம் ஈரக்காற்றில் பொடிந்து உதிரும்.

ஷோரூமில் அவர்கள் போடுகிற பாட்டு, அந்த ஸ்பீக்கரின் பலத்தைக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் தினமும் கேட்கும் கச்சேரிப் பதிவை, தனி ஆவர்த்தனத்தோடு, கையோடு கொண்டுபோங்கள். சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கேளுங்கள், ஓரமாக உட்கார்ந்தும் கேளுங்கள். முடிந்தால் இரண்டு நாள் உங்கள் வீட்டு அறையிலேயே வைத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.