ரமலான் அட்டவணையும் ஒரு மாணவரின் கேள்வியும்



சில ஆண்டுகளுக்கு முன் ஷஃபான் மாத இறுதியில், எங்கள் மஹல்லாவுக்கான ஸஹர், இஃப்தார் நேர அட்டவணையை வழக்கம்போல் கணினியில் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். அதன் அடியில் ஹலாலான சம்பாத்தியத்தின் சிறப்பைப் பற்றிச் சில வரிகளையும் சேர்த்தோம். அருகில் அமர்ந்து வேலை கற்றுக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர், "காக்கா, இந்த சாஃப்ட்வேரை என்ன விலைக்கு வாங்குனீங்க?" என்று கேட்டார்.

அவர் குறை காணும் எண்ணத்தில் கேட்கவில்லை. தாமும் வாங்க விரும்பியே கேட்டார். ஆயினும் எங்களால் விடை கூற இயலவில்லை. அது வாங்கப்பட்டதே அன்று. யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்த, பூட்டு உடைக்கப்பட்ட நகல். அதைக் கொண்டுதான் பல ஆண்டுகளாக மார்க்க அறிவிப்புகளையும் நிக்காஹ் அழைப்பிதழ்களையும் ஆக்கிவந்தோம்.

எங்களிடம் சாக்குகள் இருந்தன. 2013இல் அடோபி நிறுவனம் தன் வடிவமைப்பு மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. ஆண்டுக்குச் சில துண்டறிக்கைகள் மட்டும் அச்சிடும் பள்ளிவாசலுக்கு அச்சந்தா பெருஞ்சுமையே. "தீன் பணிக்குத்தானே பயன்படுத்துகிறோம்" என்றும் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் 1988இல் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, படைப்புரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்றும் தீர்மானித்துள்ளது. நிய்யத் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, வழியும் தூயதாக இருக்க வேண்டும் என்று பிறருக்குச் சொல்லிவந்த நாங்கள், அதை எங்கள் மேசைக்குப் பொருத்திப் பார்க்கவே இல்லை.

அவ்வாண்டு அட்டவணையைப் பழைய முறையில் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். படங்களைச் சீர்செய்ய கிம்ப், கோட்டுருவங்களும் முகப்பும் வரைய இன்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் ஆகிய மூன்றையும் பதிவிறக்கினோம். கிம்ப், 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய பணி. இவை மூன்றும் பொது உரிமத்தின் கீழ் வழங்கப்படுபவை. எவரும் பயன்படுத்தலாம், உள்ளமைப்பை ஆராயலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமைகளுடனேயே வழங்க வேண்டும். ஆகவே இங்கே நகலெடுப்பது களவன்று. ஆக்கியோர் மனமுவந்து அளித்த உரிமை.

வேலை எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டோம். பழைய கோப்புகள் யாவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, வரி வரியாக மெய்ப்புப் பார்த்தோம். முதல் முயற்சியில் கணினித் திரைக்குரிய வண்ண முறையிலேயே கோப்பை அனுப்பிவிட்டதால், மினாராவின் பச்சை நிறம் மங்கி அச்சானது. தவறு எங்களுடையதே. அச்சுக்குரிய நான்கு வண்ண முறையில் பி.டி.எஃப். கோப்பை ஸ்கிரைபஸே ஆக்கித் தரும் என்பதை அதன் பிறகே கற்றோம்.

இதனிடையே ஒரு செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகளில் தமிழ் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் அக்குறை நீங்கியது. அதற்குப் பெரிதும் உழைத்தோர் ஓமான் நாட்டின் திறந்த மூலக் குழுவினர். அரபு எழுத்துக்காக அவர்கள் செய்த பணி தமிழுக்கும் பயன் தந்தது. அட்டவணையில் அரபு துஆக்களுக்கு நாங்கள் பயன்படுத்திய 'அமீரி' எழுத்துருவும் இத்தகையதே. கெய்ரோவின் பூலாக் அச்சகத்து நஸ்க் எழுத்தை அடியொற்றி, எகிப்தியரான காலித் ஹுஸ்னி அதை உருவாக்கி, அனைவருக்கும் பொதுவாக்கினார்.

கடல் கடந்து வந்த அச்சுக்கலை நம் கரைக்குப் புதிதன்று. எங்கள் காயல்பட்டினத்துக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்தவர் போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றீக் என்றீக்கஸ். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. 'அடியார் வரலாறு' 1586இல் புன்னைக்காயலிலேயே அச்சானதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். வேறு சமயத்தாரின் நூல்கள்தாம். எனினும் நம் தாய்மொழி அச்சேறிய தொடக்கம் அது. அன்று எழுத்தை வார்க்க உலோகமும் கைவினைஞரும் அச்சுப்பொறியும் வேண்டும். அவை மிகச் சிலரிடமே இருந்தன. இன்று அதே கழிமுகத்தில் நின்று, ஓர் எளிய மாணவர் தம் மடிக்கணினியில் தமிழையும் அரபையும் முறையான அனுமதியுடன் கோக்கலாம். இந்த வாய்ப்பு இருக்கும்போது, நமக்கு இனி என்ன சாக்கு உள்ளது?

சந்தா செலுத்தித் தொழில் செய்வோரை நாங்கள் குறை கூறவில்லை. அது அவர்களின் ஹலாலான வழி. செலுத்த இயலாதோருக்கும் ஹலாலான வழி உண்டு என்பதே எங்கள் செய்தி. ஆனால் இலவசம் என்பதோடு நின்றுவிடலாகாது. 2002இல் பிளெண்டர் மென்பொருளைப் பொதுவுடைமையாக்க, உலகெங்குமுள்ள பயனர்கள் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டினர். மனிதர் மறைந்த பின்னும் நன்மை சேர்ப்பவற்றுள் நிலையான தர்மத்தையும் பயனுள்ள கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். பெற்றுக்கொண்ட நாமும் இயன்றதைத் திருப்பித் தர வேண்டாமா? பிழைகளை அறிவிக்கலாம், தமிழாக்கத்தில் உதவலாம், சிறு நன்கொடை அனுப்பலாம்.

எங்கள் அட்டவணையின் மூலக்கோப்பை இப்போது கேட்கும் மஹல்லாக்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறோம். அன்று கேள்வி கேட்ட மாணவர்தான் அவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறார். அவருக்குச் சொல்ல அன்று எங்களிடம் இல்லாத விடை, அல்ஹம்துலில்லாஹ், இன்று இருக்கிறது.

நம் கருவிகளையும் தூய்மையாக்கிக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.