ஊசிக்கு அப்புறமும் மலை இறங்கணும்

"கண்ணுக்குள்ள ஊசியா?"ன்னு கேட்காத ஆளே எங்க பைக்காராவுல இல்ல. சித்தப்பாவுக்கு ஆறு ஊசி ஆச்சு.

கேரட் பாத்திக்குக் கயிறு கட்டும்போதுதான் தெரிஞ்சது. நேரா இருந்த கயிறு அவருக்கு வளைஞ்சு தெரிஞ்சது, அதுவும் இடது கண்ணுல மட்டும். கோயம்புத்தூர்ல ஸ்கேன் எடுத்தாங்க. விழித்திரைக்கு அடியில, இருக்கக்கூடாத இடத்துல புது ரத்தக்குழாய் முளைச்சு நீர் கசியுதாம். வயசானா வர்ற கோளாறு. விட்டா நடுப்பார்வையே போயிடும். சர்க்கரை நோயாலயும் விழித்திரையில புதுக்குழாய் முளைக்கும்.

குழாயை வளரச் சொல்ற புரதத்துக்கு வி.இ.ஜி.எஃப்.னு பேரு. அதை மடக்குறதுதான் ஊசி மருந்து. மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, வெண்விழி வழியா வெறும் 0.05 மில்லி. சில நிமிஷ வேலை.

சித்தப்பாவுக்குப் போடுறது பெவாசிசுமாப். 2004-ல அமெரிக்காவுல குடல் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கின மருந்து. அடுத்த வருஷமே கண்ணுக்கும் போட ஆரம்பிச்சாங்க. ஒரு குப்பியைப் பல பேருக்குப் பிரிச்சுப் போடலாம்கிறதால செலவு கம்மி. கண்ணுக்குன்னே வந்த ரானிபிசுமாப் விலை கூட. பார்வையைக் காப்பாத்துறதுல ரெண்டும் சமம்னு 2011-ல ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொல்லிச்சு. 2015-ல ரானிபிசுமாபுக்கு மாற்றா ரேசுமாப் நம்ம நாட்டுலயே வந்தது.

ஆனா கஷ்டம் மலையில இருக்கு. முதல்ல மாசம் ஒண்ணா மூணு ஊசி, அப்புறம் ஸ்கேன் பார்த்துப் போடுவாங்க. விடியக்காலம் பஸ் பிடிச்சு ஊட்டி, மேட்டுப்பாளையம், கோவை. துணைக்கு ஒரு ஆள். ரெண்டு பேர் கூலியும் போச்சு.

மூணாவது ஊசிக்கு அப்புறம் பார்வை தெளிஞ்சதும், "இனி எதுக்குடா?"ன்னார். பல பேர் நின்னுடறது இங்கதான். மருந்து குழாயை வேரோட பிடுங்குறதில்ல. சில வாரம் அடக்கி வைக்குது, அவ்வளவுதான். "ஒரு தடவை களை எடுத்துட்டு அறுவடை வரைக்கும் விட்டுடுவீங்களா சித்தப்பா?"ன்னேன். மறுபேச்சு இல்ல, கிளம்பிட்டார்.

பட்டணத்துல இருக்கிற நீங்க ஊருக்கு போன் போடும்போது, அப்பா அம்மாவை ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் அடுத்த கண்ணு. வளைஞ்சு தெரிஞ்சா கண்ணாடிக்கடைக்கு அனுப்பாதீங்க, விழித்திரை டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஊசி போட்ட பிறகு வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அடுத்த ஊசித் தேதியை உங்க போன்ல குறிச்சு வச்சுக்குங்க. முடிஞ்சா துணைக்குப் போற ஆளா அன்னிக்கு நீங்களே வாங்க.