தட்டாங்கல் காலம்

மே 5, ஞாயிறு

பதினோரு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தேன். கத்திரி நேற்றுத்தான் தொடங்கியது. அதற்குள் கரிசல் காடு முழுக்க வெடித்துக் கிடக்கிறது. கோவில்பட்டியில் ஏறிய பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அந்த வெடிப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுத் தரையில் காதை வைத்துக் கேட்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. சத்தம் ஒன்றும் வராது. வந்ததாக எல்லோரும் சொல்வோம்.

அண்ணன் வீட்டுக்குப் பேரன்கள் இருவரும் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். என்னை அத்தைப் பாட்டி என்று கூப்பிடுகிறார்கள். மதினி கம்மங்கூழும் மோர் மிளகாயும் வைத்தார். குடித்துவிட்டுத் திண்ணைக்கு வந்தால் தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. "இந்த வெயில்ல யாரு வருவா?" என்றார் அண்ணன்.

நாங்கள் வந்தோம். 1970-களில் மே மாதத்து மத்தியானம் என்றால் இந்தத் தெருவின் நிழல் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொந்தம். விடியுமுன் காட்டுக்குப் போன பெரியவர்கள் திரும்பி வந்து, சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் அது. வேப்பமரத்தடியில் தட்டாங்கல், மடத்துத் திண்ணையில் ஆடுபுலி, கோவில் சுவரோரம் கோலி. சத்தம் கேட்டால் யாராவது எழுந்து வந்து விரட்டுவார்கள். அதனால் சண்டைகூடக் கிசுகிசுப்பாகவே நடக்கும். எங்களை யாரும் கவனிக்கவில்லை என்பதே அந்த நேரத்தின் பெரிய சுகம்.

இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு நோட்டுடன் வந்திருக்கிறேன்.

மே 6, திங்கள்

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மொபெட்டில் குலை குலையாக நுங்கு கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். பிள்ளைகள் ஸ்பூன் கேட்டார்கள். பெருவிரலை உள்ளே விட்டு நெம்பி, சிந்தாமல் உறிஞ்சுவதைக் காட்டிக் கொடுத்தேன். மூன்று கண்ணையும் தின்ற பிறகு மிஞ்சும் காயைத் தூக்கிப் போடப் போன சின்னவனைத் தடுத்தேன். ஒரே அளவில் இரண்டு காய்கள், அவற்றை இணைக்க ஒரு குச்சி, அந்தக் குச்சியைத் தள்ளிக்கொண்டு ஓட நுனியில் கவை பிரிந்த ஒரு நீளக் கம்பு. நுங்கு வண்டி தயார். கவை மட்டும் சரியான கோணத்தில் வாய்க்க வேண்டும். விரிந்திருந்தால் வண்டி ஆடும், ஒடுங்கியிருந்தால் சக்கரம் சுற்றாது. வேம்பில் அந்தக் கவையைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. தெருக்கோடி வரை ஓட்டிப் போனவன், வியர்வை ஒழுகத் திரும்பி வந்து, "இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அம்மாவோ அப்பாவோ எனக்கு ஒரு விளையாட்டும் சொல்லித் தந்ததில்லை. தட்டாங்கல்லை எனக்குக் கற்றுத் தந்தவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்கு அவளைவிட மூத்த ஒருத்தி. பத்து வயதுக்காரி எட்டு வயதுக்காரிக்குச் சொல்வாள். ஒரு கையில் அது நாலைந்து வருடத்துக்கு மேல் தங்குவதில்லை, அதற்குள் வளர்ந்துவிடுவோம். பம்பரத்துக்கு எப்போது பருவம், கிட்டிப்புள்ளுக்கு எப்போது என்று யாரும் அறிவித்ததில்லை. ஒருநாள் ஒருவன் இடுப்பில் சாட்டையைச் சுற்றிக்கொண்டு வருவான், மறுநாள் தெருவே பம்பரம் விடும். பள்ளிக்கூடமோ புத்தகமோ வீடோ இதில் தலையிடவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட ஏற்பாடு இது. ஐந்து வருடம் தெருவில் பிள்ளைகள் கூடாமல் போனால் அறுந்துவிடும். இங்கே அறுந்திருக்கிறது. என்னைப் போல ஒரு கிழவி சொல்லித் தருவதால் அதே ஏற்பாடு திரும்ப வந்துவிடுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மே 8, புதன்

நேற்று ராத்திரி கரண்ட் போனபோது நாங்கள் சினிமா காட்டிய கதையைச் சொன்னேன். இன்று காலையில் மூன்று பேரும், "அத மாதிரி செஞ்சு காட்டுங்க" என்று நிற்கிறார்கள்.

அதற்கு ஃபியூஸ் போன குண்டு பல்பு வேண்டும். அடியிலிருக்கும் கருப்பை ஆணியால் பதமாகத் தட்டி உடைத்து, உள்ளிருக்கும் இழையையும் கண்ணாடித் தண்டையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் நிறைந்த அந்தப் பல்புதான் லென்ஸ். பிறகு பிலிம் துண்டு. டூரிங் டாக்கீஸில் படம் அறுந்தால் ஆபரேட்டர் கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டி ஓட்டுவார். வெட்டிய துண்டுகள் எப்படியோ பெட்டிக்கடைக்கு வந்து சேரும், காசுக்கு இத்தனை என்று. வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே திருப்புவான். இருட்டறையில் அந்த வெளிச்சத்தின் குறுக்கே பிலிமைப் பிடித்து, அதற்கு முன்னால் பல்பை வைத்தால், எதிரே கட்டியிருக்கும் வேட்டியில் எம்.ஜி.ஆர். நிற்பார். தலைகீழாக. முதல் தடவை எல்லோருமே திகைத்துப் போவோம். பிலிமைக் கவிழ்த்துப் பிடித்தால் நேராகிவிடும் என்று கண்டுபிடித்தது எங்கள் அண்ணன். லென்ஸ் உருவத்தைத் தலைகீழாக்கும் என்ற பாடம் வகுப்பில் அதற்கப்புறம்தான் வந்தது. சூரியன் நகர நகர வெளியே இருப்பவனும் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். அவனுக்குப் படம் தெரியாது என்பதால் முறை வைத்து மாறிக்கொள்வோம்.

நிஜ சினிமாவில் ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம் ஓடும். எங்கள் வேட்டியில் ஒரே படம், நாங்கள் அலுக்கும்வரை நின்றது. கதையையும் வசனத்தையும் நாங்களே சொன்னோம். டாக்கீஸிலேயே மணலைக் குவித்து உயர்த்தி உட்கார்ந்து பார்த்த படம்தான். ஆனாலும் இருட்டறையில் ஒற்றைச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் நாங்கள் சொன்ன கதைகள் அந்தப் படத்தில் இல்லாதவை.

பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட முடியவில்லை. கடைத்தெருவில் எங்கும் எல்.இ.டி. பல்பு, அதில் தண்ணீர் ஊற்ற வழியில்லை. தியேட்டர்களில் டிஜிட்டல் வந்த பிறகு பிலிமும் இல்லை. எங்கள் பொம்மைகள் எல்லாமே பெரியவர்களின் பிழைப்பில் மிஞ்சி விழுந்தவை என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. சைக்கிள் கடையில் கழித்த டயர், தையற்கடை நூற்கட்டை, தீப்பெட்டியின் மேல் ஒட்டும் படம், பனங்காய். மிஞ்சுகிற பொருள் மாறினால் விளையாட்டும் போய்விடும். பனை இன்னும் நிற்பதால் நுங்கு வண்டி பிழைத்தது.

மே 9, வியாழன்

அண்ணன் கடலை மிட்டாய் வாங்கி வந்தார். மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்த் தேங்காய்த் துருவல் தூவிய பழைய மாதிரி. 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பார்த்தபோது நான் சென்னையில் இருந்தேன், ஊரே பரிசு வாங்கியது போலச் சந்தோஷப்பட்டேன். இதைக் கடித்துத் தின்றதைவிடச் சப்பித் தின்றதுதான் அதிகம். வெல்லப் பாகு கரைந்து கடலை தனியாக நாக்கில் நிற்கும்வரை வாயில் அடக்கி வைப்போம்.

மே 11, சனி

தட்டாங்கல் சொல்லித் தந்தவளைப் பார்க்கப் போனேன். கிழக்குத் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறாள். "வா பிள்ளே" என்று கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்தாள். அந்த விரல்கள் இப்போதும் நீளமாக, நிமிர்ந்துதான் இருக்கின்றன.

நான் எழுதிய பக்கங்களைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "இதெல்லாம் எந்தக் கிழமையில நடந்துச்சு?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் இது. மத்த நாளு நான் ஆபீஸ்ல இருந்தேன்."

ஆபீஸ் என்றால் இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் மழை பொய்த்த ஊர்கள் எல்லாவற்றையும் அந்த ஆபீஸ்கள்தான் தாங்கின. தாங்கிய தோள்களில் பாதி பிள்ளைகளின் தோள். விடியுமுன் பஸ் வரும். ஒன்பது வயதில் அவள் அந்த பஸ்ஸில் ஏறினாள். குச்சி அடுக்குகிற வேலை. ஒவ்வொரு குச்சியாகச் சட்டத்தில் பொருத்த வேண்டும், எத்தனை சட்டமோ அத்தனைக்குக் கூலி. நான் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னபோது அவள் சட்டம் எண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் பெட்டி ஒட்டுவது காத்திருக்கும். நாங்கள் ஒளிந்து பிடித்து விளையாடும்போது சில வீட்டு வாசல்களில் பசைச் சட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதைத் தாண்டித்தான் ஓடினோம். தெருவில் இருந்த எல்லோருக்கும் ஒரே மத்தியானம் கிடைக்கவில்லை.

சிறுவர் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. தீப்பெட்டித் தயாரிப்பு அதில் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் இருந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு பல பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தது. எல்லாமே அவளுக்குப் பிந்தி வந்தவை. அவள் மகன் படித்திருக்கிறான், பேத்தி ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இந்த ஊரில் நடந்த நல்ல காரியங்களில் அதற்கு மேலானது இல்லை என்று நினைக்கிறேன். பழைய நாட்களைப் பற்றி ஏங்கி எழுதுகிற யாரும் இதை மறைத்துவிட்டு எழுதக் கூடாது.

அத்தனை வேகமாக அவளால் எப்படிக் கல்லை அள்ள முடிந்தது என்று சின்ன வயதில் நான் வியந்திருக்கிறேன். பிறவியிலேயே வந்த வரம் என்று நினைத்தேன். இன்று அவளே சொன்னாள்: "குச்சி அடுக்குன கை." மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் சுவரோரத்தில் பிள்ளைகள் எல்லாம் தட்டாங்கல் ஆடுவார்களாம். பல ஊர்ப் பிள்ளைகள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பாட்டு, ஒவ்வொரு விதி. எல்லாவற்றையும் கலந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது அவள்தான். எங்கள் ஊர் ஆட்டம் என்று நான் எழுதி வைத்திருந்தது அந்தச் சுவரோரத்தில் பிறந்திருக்கிறது.

மே 12, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தடி ஊன்றி, இருமலுக்கிடையே இரண்டொரு சொல்லாகப் பேசும் கிழவர் ஒருவரின் பாட்டு. தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரைச் சொல்கிறோம், அந்தத் தடிதான் பெயராகிவிட்டது. மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியதையும், நீரோரத்து மருத மரக்கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர்கள் மலைக்கும்படி ஆழமான மடுவில் குதித்ததையும், அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டியதையும் நினைத்து, அந்த இளமை இப்போது எங்கே என்று இரங்குகிறார். மணல் எதற்கு? அடி வரை போனதற்குச் சாட்சி. எங்கள் கண்மாயிலும் இப்படித்தான்: கையில் களிமண்ணோடு வருபவன்தான் முங்கினவன், மற்றவன் பாதியில் திரும்பியவன். இந்த விதியை அண்ணனுக்கு யாரும் புறநானூறு படித்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் கையிலிருந்து பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கிழவர் தன்னோடு ஆடிய பெண்களை அதற்குப் பிறகு சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த விளையாட்டு எந்த வயதில் முடிந்தது?

மே 14, செவ்வாய்

எனக்கு அது ஒரே நாளில் முடிந்தது. வயதுக்கு வந்த அன்று ஓலை கட்டி உட்கார வைத்தார்கள். சடங்கு முடிந்து வெளியே வந்தபோது தட்டாங்கற்கள் எரவாணத்தில் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. பையன்களுக்கு விளையாட்டு மெல்ல மெல்லத்தான் உதிர்ந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின வருடம்கூடப் பொங்கலுக்குக் கபடி ஆடினார். இந்த வித்தியாசத்தை அப்போது இயல்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது கோபம் வருகிறது. மகிழ்ச்சியை ஒரு நாளில் வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

இன்று மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. மடியிலிருந்து ஏழு கூழாங்கற்களை எடுத்துத் திண்ணையில் போட்டாள். "இவ வயசுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. அன்னைக்கே நான் மருமககிட்ட சொல்லிட்டேன், இவள யாரும் வெளையாட்டுக்குப் போகாதன்னு சொல்லப்படாதுன்னு."

அண்ணன் பேத்தி வந்து ஒட்டிக்கொண்டாள். பேரன்களும் வந்தார்கள், எங்கள் காலத்தில் பையன்கள் தட்டாங்கல் தொடவே மாட்டார்கள். ஒற்றையில் ஒரு கல்லை மேலே எறிந்து ஒன்றொன்றாக அள்ளுவது, பிறகு இரண்டிரண்டாக, மும்மூன்றாக. கடைசியில் அத்தனையையும் எறிந்து புறங்கையில் ஏந்த வேண்டும். நான் சொன்ன விதியை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அள்ளும்போது பக்கத்துக் கல் அசைந்தால் ஆட்டம் போச்சு என்றேன். அது எட்டயபுரம் பக்கத்து விதி, இங்கே இல்லை என்றாள். பிள்ளைகள் எங்கள் சண்டையை முடிக்கக் காத்திருக்கவில்லை. அசைந்தால் ஒரு தடவை மன்னிப்பு, இரண்டாம் தடவை போச்சு என்று அவளுடைய பேத்தி ஒரு விதி போட்டாள், மற்ற மூன்று பேரும் தலையாட்டிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாட்டு உண்டு. எனக்குப் பாதிதான் தெரியும். அவளுக்கு எல்லாம் வரிசையாக, எந்த ஊர்ப் பிள்ளை சொன்னது என்ற குறிப்போடு நினைவிருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மூன்றாம் சுற்றுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வியாழக்கிழமை ரேஷன் வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறாள். நோட்டில் பக்கம் போதாது, கடைக்குச் சொல்லி இன்னொன்று வாங்க வேண்டும்.