விரல்கள் கண்ட நேரம்

கவரைப்பேட்டையில் வாழ்வோருக்குக் கைக்கடிகாரம் நெடுநாள்வரை அணிகலனாக இருந்ததில்லை. அது சோற்றுக்கு வழிகாட்டிய கருவி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முதல் முறை வேலைக்குச் செல்பவர் மின்தொடர்வண்டியைத் தவறவிட்டால், அன்றைய கூலியில் ஒரு பகுதியையும் தவறவிடுவார். நம் தந்தையார் அவ்வாறு ஓடியவர்களில் ஒருவர். அவர் கையில் இருந்தது எச்.எம்.டி. நிறுவனத்தின் 'ஜனதா'. வெண்ணிற முகப்பு, கறுத்த எண்கள், நாள்தோறும் சாவி கொடுக்கவேண்டிய எளிய பொறி. அவர் மறைந்தபின் அது நம்மிடம் வந்தது. நாம் அதைக் கட்டிக்கொள்ளவில்லை; கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டினோம். நம் சேகரிப்பு தொடங்கியது அந்நாளில்தான்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. முதற்கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பின்னர், 1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் கைகோத்து டைட்டானைத் தோற்றுவித்தன. ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. மின்கலத்தால் ஓடும் கடிகாரத்திற்குச் சாவி தேவையில்லை. நேரமும் எளிதில் பிசகுவதில்லை. சாவிக் கடிகாரங்கள் மெல்ல மெல்ல மேசை இழுப்பறைகளுக்குள் அடங்கின. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வழக்கொழிந்த பொருளுக்கு அதன்பின் புதிய மதிப்பு ஏற்பட்டது.

நாம் தேடியவை அரிய முகப்புகளை உடையவை. தேவநாகரி எண்கள் பொறித்த ஜனதா, கரிய முகப்பில் வெண்ணிற எண்கள் ஒளிரும் 'பைலட்', கிழமையை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் காட்டும் தானியங்கிக் கடிகாரம் என ஒவ்வொன்றாகப் பேழை நிறைந்தது. விருந்தினர் வந்தால் பேழையைத் திறந்து காட்டுவோம். அவர்கள் வியக்கும்போது நம் உள்ளத்தில் எழுந்தது நன்றியுணர்வா, செருக்கா என்று அந்நாளில் நம்மை நாமே கேட்டதில்லை.

அப்பேழையில், இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசப்பட்ட பழைய சுவிஸ் கடிகாரம் ஒன்றும் இருந்தது. ரேடியத்தின் கதையைப் படித்தபோது நெஞ்சம் நடுங்கியது. 1920-ஆம் ஆண்டுகளை ஒட்டி அமெரிக்க ஆலைகளில் இளம்பெண்கள் கடிகார எண்களின்மீது ரேடியக் கலவை தீட்டினார்கள். தூரிகையின் முனையைக் கூர்மையாக்க அதை உதட்டில் வைத்துக் குவிக்கும்படி அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. தீங்கில்லை என்றும் கூறப்பட்டது. பலருக்குத் தாடையெலும்பு அரித்தது. பலர் இளமையிலேயே மாண்டார்கள். நியூ ஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் இழப்பீட்டுடன் முடிந்தது. இன்று அத்தகைய முகப்புகள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஒளி தரும் துத்தநாகக் கலவை சிதைந்துவிட்டது. ஆனால் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளி அணைந்தபின்னும் நஞ்சு நிலைக்கிறது. ஓர் அழகிய முகப்புக்குப் பின்னால் யாருடைய கண்ணீர் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அன்றுதான் நமக்கு வந்தது.

அடுத்த பாடம் நம் சொந்தக் குற்றத்திலிருந்து வந்தது. சென்னையில் பழம்பொருள் கடை ஒன்றில், நீலமும் செம்மஞ்சளுமாய்ப் பளபளத்த கடிகாரம் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினோம். நமக்குப் பழக்கமான பழுதுபார்ப்பவர் ஒற்றைக்கண் லென்ஸை மாட்டி, முதுகு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். முகப்பு புதிதாகத் தீட்டப்பட்டது, முட்கள் வேறொன்றினுடையவை, பொறி மூன்றாவது கடிகாரத்திலிருந்து வந்தது. வெள்ளையடித்த கல்லறை என்று ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தும் என்ன பயன்? அதே வாரத்தில், அக்கடிகாரத்தை விரும்பிக் கேட்ட கல்லூரி மாணவர் ஒருவரிடம் உண்மையை மறைத்து, நாம் கொடுத்த விலைக்கே விற்றோம். நம்மை ஏமாற்றியவர் செய்ததையே நாமும் செய்தோம். தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லும் முன்னர், பணத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னோம். பணத்தைப் பெற்றுக்கொண்டு கடிகாரத்தைத் திருப்பித் தந்தார். அதன்பின் நம் வீட்டுப் பக்கம் அவர் வரவேயில்லை.

நம் பேழையின் தலைமணியாக விளங்கியது எச்.எம்.டி. உருவாக்கிய பிரெய்லி கடிகாரம். அதன் கண்ணாடி மூடி சிறு கதவுபோல் திறக்கும். உள்ளே புடைத்த புள்ளிகள். விரல் பட்டாலும் வளையாத முட்கள். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பட்டு, பின்னர் இரு கண்களிலும் பார்வையிழந்த லூயி பிரெய்லி, தம் பதினைந்தாம் வயதில், 1824-இல், இந்தப் புள்ளி எழுத்து முறையை வகுத்தார். பாரிசு நகர ஆலயங்களில் அவர் ஆர்கன் வாசித்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நம் பங்கில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவரும் பார்வையற்றவரே. அவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்றே அழைப்போம். ஒருநாள் வீட்டிற்கு வந்தவரிடம் அக்கடிகாரத்தைப் பெருமையோடு கொடுத்தோம். அவர் மூடியைத் திறந்து விரல் நுனியால் ஒருமுறை தடவினார்.

"மூணு இருபதுல நின்னுபோயிருக்கே தம்பி. சாவி கொடுக்குறதில்லையா?"

வெட்கத்தால் நமக்குப் பேச்செழவில்லை. ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்து வந்தோம். அது நின்றுபோனதை நம் கண்கள் ஒருநாளும் காணவில்லை. மாஸ்டர் சாவி கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"என் மக பேசுற கடிகாரம் வாங்கித் தந்திருக்கா. ஆனா பூசை நடுவுல அதை அமுக்க முடியுமா? ஆலயம் முழுக்க மணி சொல்லுமே! இது சத்தமில்லாம விரலுக்கு மட்டும் சொல்லுது."

அவர் கேட்கவில்லை. நாமும் உடனே கொடுக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அதற்கு ஈடான ஒன்று இனி கிடைக்குமா என்ற கணக்கு இரண்டு வாரம் நம்மை அலைக்கழித்தது. நிலத்தில் தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியனைப் பற்றிய நற்செய்தி நமக்குப் புதிதன்று; ஆனால் அவனும் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் ஞாயிறன்று திருப்பலிக்கு முன்பாக, ஆர்மோனியத்தின் அருகே சென்று மாஸ்டரின் கையில் அதைக் கட்டிவிட்டோம்.

பேழையில் அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது. அதைக் காணும்போது சிறு வலி தோன்றுவதும் உண்மையே. தந்தையாரின் ஜனதா இப்போது நம் இடக்கையில் ஓடுகிறது. நாள்தோறும் காலைச் செபம் முடிந்ததும் சாவி கொடுக்கிறோம். முதுமையால் அது நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கும். மாலையில் மூவேளைச் செபத்திற்கு ஆலயமணி ஒலிக்கையில், முள்ளைத் திருத்திக்கொள்கிறோம்.