வலிக்கு எத்தனை பெயர்

எம் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது, பி.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருத்தி வந்து, வலியைப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லக் கேட்டாள். "விண்விண்ணுனு தெறிக்குதும்மா" என்றார் தாயார். மாணவியின் பேனா நின்றது. அவள் வீட்டில் புழங்கும் சொல்தான். படிவத்தில் அதற்கு இடமில்லை.

உடற்கூறியலும் மருந்தியலும் நான்காண்டுகள் ஆங்கிலத்தில் கற்கிறார்கள். நோயாளியோ குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று பேசுகிறார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார் சாமுவேல் பிஸ்க் கிரீன். அத்தனையும் நாம் கேட்கவில்லை. வலியைக் கேட்டறியவேனும் தமிழில் ஒரு தாள் வேண்டும். அதை எழுதித்தர வேண்டியவர்கள் தமிழாசிரியர்களாகிய நாமும்தான்.

மாணவி படிவத்தை மடித்துவிட்டுக் குனிந்தாள். "எந்த இடத்துல தெறிக்குது பாட்டி?"

தாயார் பேசத் தொடங்கினார்.